சம்பளம் கேட்காத காவல்காரனா?

காஹாங் பக்கம் வந்திருக்கிறீர்களா? குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், இரு மருங்கிலும் செம்பனை சூழ்ந்த சிறிய பட்டணம் எங்களுடையது. ஒரு பக்கம் தோட்டங்கள். இன்னொரு பக்கம் பெல்டா நிலத்திட்டங்கள். அவற்றுக்கும் அப்பால் எண்டாவ்-ரொம்பின் காடு. இந்தக் காட்டோர வாழ்க்கையில், இருட்டிய பிறகு வாசலில் ஒரு நாய் இருப்பது ஆடம்பரம் அன்று. மரவள்ளியைக் கிளற வரும் காட்டுப்பன்றி, கோழிக்கூண்டைச் சுற்றும் மூசாங், வெட்டிப்போட்ட குலையைத் திருட வரும் கூட்டம், கணவர் மில்லுக்கு இரவு வேலைக்குப் போனபின் பிள்ளைகளோடு தனித்திருக்கும் தாய்மாரின் அச்சம், இத்தனைக்கும் நம்மவர்கள் கண்டுவைத்திருக்கும் ஒரே மருந்து நாய்தான்.

முன்பெல்லாம் லயத்தில் திரிந்தவை நாட்டு நாய்கள். எலும்பும் தோலுமாக இருந்தாலும் கெட்டிக்கார ஜாதி. இப்போது காலம் மாறிவிட்டது. 'அல்சேஷன் கிராஸ்', 'ராட்வைலர் கிராஸ்' என்று சொல்லி, பட்டணத்து நண்பர் ஒருவர் அட்டைப் பெட்டியில் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார். ஆறு மாதத்தில் அது பன்னிரண்டு வயதுப் பையனைத் தள்ளிவிடும் அளவுக்கு வளர்ந்து நிற்கிறது. "என்ன கவலை? சம்பளம் கேட்காத காவல்காரன் கிடைத்துவிட்டான்" என்று வீட்டுக்காரர் மீசையை முறுக்குகிறார்.

இந்தப் பேச்சைத்தான் நான் ஒப்புவதில்லை. பெரிய கலப்பு நாய் சம்பளம் கேட்கும். வாயால் கேட்காது, அவ்வளவே. தீனி ஒரு சம்பளம், ஊசி ஒரு சம்பளம், நாள்தோறும் நீங்கள் அதனோடு செலவிடும் அரை மணி நேரம் இன்னொரு சம்பளம். பத்துப் பன்னிரண்டு ஆண்டு உழைத்தபின் ஓய்வூதியமும் உண்டு. இவற்றைக் கொடுக்காமல் வேலை மட்டும் வாங்க நினைக்கும் வீட்டில்தான் அந்த நாய் ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காலைக் கவ்வுகிறது.

காவல் நாய் நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. 7-ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் நட்ட கல் அது. எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக எழுப்பியது. அவன் வளர்த்த நாயின் பெயரும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது: கோவிவன். கள்வரைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல் சொல்கிறது. அரசர் பெயரோடு ஒரு நாயின் பெயரும் ஒரே கல்லில்! நாய் என்று சொல்லி நாம் ஒருவரை ஏசுகிறோம். நம் முன்னோர் அதற்குக் கல் நட்டிருக்கிறார்கள்.

இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று ஊரும் பேருமாகத் தமிழ்நாட்டில் வேலை நாய்கள் உண்டு. இராஜபாளையம் நாய்க்கு 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை தபால்தலையே வெளியிட்டது. இவற்றில் எதுவும் வீட்டுக்குள் மெத்தையில் படுக்க உண்டானதன்று. வேட்டைக்கும் காவலுக்கும் என்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தவை.

நம் மலேசிய மண்ணுக்கும் ஒரு நாய் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பகாங் மலைப்பகுதியில் தெலோம் ஆற்றோரம் வாழும் பூர்வகுடி மக்கள் வளர்த்த சிறு நாய் அது. கால் நட்டுக் கட்டிய வீடுகளில் ஏணியேறிப் போகப் பழகியது. 1963-இல் ஆர்வில் எலியட் என்ற ஆய்வாளர் ஒரு ஜோடியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். ஆற்றின் பெயரால் 'தெலோமியன்' என்று அங்கே பெயரிட்டார்கள். அவை போய்ச் சேர்ந்த இடம் பார் ஹார்பர் என்ற ஊரின் ஜாக்சன் ஆய்வுக்கூடம். அந்த ஆய்வுக்கூடத்தை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வீட்டுக் குட்டிக்கு வேண்டிய முக்கியமான பாடம் அங்கேதான் கண்டறியப்பட்டது.

குட்டி எடுக்குமுன்

ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்ற இருவர் அந்தக் கூடத்தில் பல ஆண்டுகள் நூற்றுக்கணக்கான குட்டிகளை வளர்த்துப் பார்த்தார்கள். 1965-இல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது இதுதான்: ஏறக்குறைய மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை குட்டியின் மனம் ஈர மண்ணைப் போல இருக்கும். அந்தக் காலத்தில் மனிதரோடு பழகாத குட்டி, பிறகு என்ன செய்தாலும் மனிதரைக் கண்டு மிரளும். மிரளும் நாய்தான் கடிக்கும்.

ஆகவே குட்டியை எட்டு வாரம் ஆனபின் எடுத்து வாருங்கள். அதுவரை தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் அது கற்க வேண்டியது நிறைய உண்டு. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக்கூட விளையாட்டில்தான் கற்கிறது. கொண்டுவந்த நாளிலிருந்தே தாத்தா, பாட்டி, சைக்கிள், லோரி, கோயில் மேளம், மழைக்கோட்டுப் போட்டவர், மலாய்க்காரர், சீனர், சிறு பிள்ளை எல்லாரையும் எல்லாவற்றையும் கண்டும் கேட்டும் பழகட்டும். "வெளியாளோடு பழகவிட்டால் காவல் காக்காது" என்று சிலர் குட்டியைச் சாக்குக்கடியில் மறைத்து வளர்க்கிறார்கள். அப்படி வளர்ந்தது காவல் நாய் ஆவதில்லை, பயந்தாங்கொள்ளி ஆகிறது. நல்ல காவல் நாய்க்கு நண்பர் யார், அந்நியர் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். எல்லாரும் அந்நியராய் இருந்தால் அது எப்படிப் பிரிக்கும்?

கலப்பு விஷயத்திலும் அந்த ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். குரைக்காத ஆப்பிரிக்க இனமான பசெஞ்சியையும், செல்லப் பிராணியான காக்கர் ஸ்பானியலையும் சேர்த்தார்கள். பேரப்பிள்ளைத் தலைமுறையில் பிறந்த குட்டிகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. நம் 'கிராஸ்' கதையும் இதுவே. தகப்பன் அல்சேஷன் என்பதால் குட்டி அல்சேஷன் ஆகிவிடாது. தாயையாவது நேரில் பாருங்கள். தாய் ஆளைக் கண்டு வாலாட்டுகிறதா, பல்லைக் காட்டுகிறதா, மூலையில் பதுங்குகிறதா? குட்டியின் காதையும் நிறத்தையும் பார்ப்பதைவிட அது பெரிய சாட்சி.

'கலப்பு நாய்க்கு நோயே அண்டாது' என்பதும் பாதிதான் உண்மை. சில பரம்பரைக் குறைகள் குறையலாம். ஆனால் இரண்டு பக்கமும் பெரிய உடல் இருந்தால் இடுப்பு மூட்டுக் கோளாறு கலப்பிலும் வரும். வளரும் குட்டி பருமனாகக் கூடாது. வைத்தியர் சொல்லாமல் சுண்ணாம்புச்சத்து மாத்திரை கொடுக்கக் கூடாது. சீக்கிரம் வளர வேண்டும் என்று திணித்தால் எலும்புதான் கெடும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பிட்புல், ஜப்பானிய தோசா, அகிதா போன்ற சில இனங்களை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. ராட்வைலர், டாபர்மேன், அல்சேஷன் ஆகியவை கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. கலப்பு என்று சொல்லி யாராவது பிட்புல் குட்டியைத் தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள். நாய்க்கு உரிமம் எடுப்பது ஊராட்சி மன்றத்தில். தோட்டத்துக்குள் வளர்ப்பதானால் நிர்வாகத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீனியும் சங்கிலியும்

முப்பது கிலோ எடையுள்ள நாய்க்கு, கடையில் விற்கும் உலர் தீனி என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 கிராம் வேண்டும். மாதம் 12 கிலோ. மளிகைக் கணக்கு எழுதும் இல்லத்தரசிகள் இந்த எண்ணைக் குட்டி வருமுன்பே எழுதிப் பார்க்க வேண்டும். குட்டியைக் கொண்டுவருவது வீட்டுக்காரர். சோறு போடுவது வீட்டுக்காரி. இதை எல்லாத் தோட்டத்திலும் பார்க்கிறோம் அல்லவா?

வீட்டுச் சோறு போட்டாலும் குற்றமில்லை. வெறுஞ்சோறும் குழம்புத் தண்ணீரும் போதாது என்பதுதான் விஷயம். கோழி, மீன், முட்டை இவற்றில் ஏதாவது தினமும் சேர வேண்டும். குழம்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஒரு நாள் தின்றால் ஒன்றும் தெரியாது. நாள்தோறும் மிச்சக் குழம்பு ஊற்றினால் சோகை பிடிக்கும். ஆகவே நாயின் பங்கை மசாலா போடுமுன் தனியே எடுத்துவிடுங்கள். வெந்த கோழி எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். சாக்லேட்டும் திராட்சையும் நஞ்சு. தீபாவளிப் பலகாரத் தட்டைப் பிள்ளைகள் பாசத்தோடு நீட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் வியாதி ஒன்று உண்டு. வயிறு பானையாக உப்பும். வாந்தியெடுக்க முக்கும், ஒன்றும் வராது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். கைவைத்தியத்துக்கு இடமே இல்லை. காடியைப் பிடித்து ஓட வேண்டியதுதான். வராமல் இருக்க, ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். தின்ற கையோடு ஓடவிடாதீர்கள்.

இனி சங்கிலி. நாள் முழுதும் நான்கடிச் சங்கிலியில் கட்டிக்கிடக்கும் நாய்க்குக் கோபம் வளரும், புத்தி வளராது. முடிந்தால் வேலியடைத்து விடுங்கள். முடியாவிட்டால் இரண்டு கம்பத்துக்கு நடுவே கம்பி இழுத்து, அதில் வளையம் போட்டுச் சங்கிலியைக் கோர்த்துவிடுங்கள். பத்துப் பதினைந்து அடி தூரம் போய்வர முடியும். கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். குட்டியில் போட்ட பட்டையை மாற்ற மறந்து, கழுத்தில் புண்ணாகிப் புழு வைத்த நாய்களை நான் பார்த்ததுண்டு. மிருகநலச் சட்டம் 2015-இல் வந்திருக்கிறது. துன்புறுத்தினால் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பட்டினி போட்டுக் கட்டிவைப்பதும் துன்புறுத்தல்தான்.

தகரக் கூரைக்கடியில் நண்பகலில் கட்டிவைக்க வேண்டாம். நமக்கு வியர்ப்பதுபோல் நாய்க்கு வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்குவதுதான் அதன் விசிறி. அல்சேஷன் இரத்தம் கலந்தவற்றுக்கு அடர்ந்த ரோமம் வேறு. தள்ளாடி விழுந்தால் நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்; பிறகு வைத்தியர்.

பழக்குவது பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 'வா', 'உட்கார்', 'விடு', 'இரு' என்று நான்கு சொல் போதும். ஆனால் வீட்டில் எல்லாரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா 'வா' என்றும் அண்ணன் 'கம்' என்றும் பாட்டி 'ச்சூ ச்சூ' என்றும் அழைத்தால் நாய் யார் பேச்சைக் கேட்கும்? தினம் பத்து நிமிடம், சொன்னதைச் செய்ததும் ஒரு துண்டு மீன். பிரம்பு வேண்டாம். பள்ளிக்கூடத்திலேயே பிரம்பை ஓரம் வைத்துவிட்டோம்.

'குரைக்கிற நாய் கடிக்காது' என்ற பழமொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். குரைக்கிற நாயும் கடிக்கும். நான் மாணவர்களுக்குச் சொல்வது வேறு: தின்னும் நாயையும், தூங்கும் நாயையும், குட்டி போட்ட நாயையும் தொடாதே. கட்டியிருக்கும் நாயின் எல்லைக்குள் போகாதே. நாய் பாய்ந்து வந்தால் ஓடாதே; கையை ஒடுக்கி மரம்போல் நில், அதன் கண்ணை உற்றுப் பார்க்காதே. உங்கள் சொந்த நாயாக இருந்தாலும் சிறு பிள்ளையையும் அதையும் தனியே விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

ஊசிக்கணக்கு

வெறிநாய்க்கடி என்றதும் நம் பெரியவர்களுக்குத் தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிதான் நினைவுக்கு வரும். நீலகிரி மலையில் குன்னூரில் 1907-ஆம் ஆண்டு தொடங்கிய பாஸ்டர் நிலையம் அந்த நாளில் ஆட்டு மூளையிலிருந்து அந்த மருந்தைத் தயாரித்தது. வயிற்றில் பதினான்கு ஊசி. அந்தப் பயத்தில் கடிபட்டதை மறைத்து உயிரை விட்டவர்களும் உண்டு. இன்று அந்த மருந்து இல்லை. புஜத்தில் நான்கைந்து ஊசிதான். ஆழமான கடியென்றால் காயத்தைச் சுற்றியும் மருந்து செலுத்துவார்கள். ஆனால் நோய் தலைகாட்டிவிட்டால் அன்றும் மருந்தில்லை, இன்றும் மருந்தில்லை. உலகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இதனால் இறப்பதாகக் கணக்கிடுகிறார்கள்.

"நம் நாட்டில்தான் அது இல்லையே" என்பீர்கள். இருந்தது, ஒழிந்தது, திரும்பவும் வந்தது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நாய்களிடம் கண்டார்கள். 2017-இல் சரவாக்கில் புகுந்தது. அதன்பின் அங்கே 50-க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். ஆகவே எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், முதல் வேலை சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுவது. மஞ்சளும் சுண்ணாம்பும் காப்பித்தூளும் வேண்டாம். இரண்டாவது வேலை மருத்துவமனை.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி. அது பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கானது. பிறகு மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை, பதினாறு வாரம் ஆகும்வரை. வெறிநோய் ஊசி மூன்றாம் மாதத்தில் போடுவது. அப்புறம் எப்போது போட வேண்டும் என்பதை அட்டையில் எழுதித் தருவார்கள். எங்களைப் போன்றவர்கள் குளுவாங்குக்குப் போக வேண்டும். தனித்தனியே போனால் செலவு. நாலு வீட்டார் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் பாதிச் சுமை குறையும்.

இந்த டிஸ்டெம்பர் என்ற நோயைப் பற்றிக் காட்டோரத்தில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணும் மூக்கும் ஒழுகும், காய்ச்சல், பேதி, கடைசியில் வலிப்பு. நாயோடு அது நிற்பதில்லை. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெத்தி காட்டில் சிங்கங்களிடம் பரவி, மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது. ஊர் நாய்களிடமிருந்து கிளம்பியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினர். அது எங்கோ என்று நினைக்க வேண்டாம். 2019-இல் திரெங்கானு மாநிலம் டுங்குனில் ஒரு புலி பட்டப்பகலில் கம்பத்துக்குள் தள்ளாடி வந்தது. பிடித்துக் கொண்டுபோனார்கள், பிழைக்கவில்லை. அவாங் பெசுல் என்று பெயரிட்ட அந்தப் புலியைக் கொன்றது இந்த நாய்நோய்தான். தீபகற்பத்துக் காடுகளில் 150 புலிகள்கூட மிஞ்சவில்லை என்பது 2022-இல் வெளியான கணக்கு. மிச்சமுள்ள மூன்று பெரிய புலிக்காடுகளில் ஒன்று நம் எண்டாவ்-ரொம்பின். நம் லயத்து நாய் காட்டோரத்தில் திரிந்துவிட்டு வருகிறது. அந்த ஒரு ஊசியைப் போட்டால் நாயும் தப்பும், நம்மால் புலிக்கும் கேடு வராது.

கொசு கடித்து நாயின் இதயத்தில் புழு வளரும் நோயும் நம் நாட்டில் உண்டு. மாதமொரு மாத்திரை தடுக்கும். உண்ணிக்கடியால் வரும் காய்ச்சல் பொல்லாதது. ஈறு வெளுத்து, தீனி மறுத்து, மூக்கில் இரத்தம் கசிந்தால் வேப்பெண்ணெயோடு நேரம் போக்காதீர்கள்.

தோட்டத்துக்கே உரிய ஆபத்துகள்

பட்டணத்துப் புத்தகங்களில் இவற்றை எழுதமாட்டார்கள்.

செம்பனைத் தோட்டத்தில் எலிக்கு வைக்கும் மெழுகுக் கட்டி மருந்து இரத்தத்தை உறையவிடாமல் செய்வது. நாய் அந்தக் கட்டியை நேரே தின்னலாம். செத்த எலிகளைத் தின்றும் நஞ்சேறலாம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு நாள் கழித்துச் சோர்வு, வெளுத்த ஈறு, மலத்தில் இரத்தம். நல்ல செய்தி என்னவென்றால் இதற்கு மாற்று மருந்து இருக்கிறது; வைட்டமின் கே ஒன்று. மருந்து வைத்த பொட்டலத்தின் பெயரை எழுதிக்கொண்டு போனால் வைத்தியருக்கு வேலை சுலபம். மருந்து வைக்கும் சுற்று என்றைக்கு என்று மண்டோரிடம் கேட்டுவைத்து, அந்த வாரங்களில் நாயை அவிழ்க்காமல் இருப்பது இன்னும் சுலபம். புல்லுக்கு மருந்தடித்த இடமும் அப்படியே. உயிர்கொல்லியான பராகுவாட் 2020-இல் தடையாகிவிட்டது. ஆனால் பழைய போத்தல் கொட்டகையில் ஒளிந்திருக்கலாம்.

நாகத்தில் விஷத்தைத் துப்பும் ஜாதி நம் தோட்டங்களில் உண்டு. நாய் பாம்போடு நேருக்கு நேர் நின்று குரைக்கும். விஷம் கண்ணில் பீச்சும். உடனே சுத்தமான தண்ணீரால் பதினைந்து இருபது நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். எலுமிச்சையும் பச்சிலையும் கண்ணைக் கெடுக்கும்.

யானைதான் எனக்கு மிகவும் பயம். காஹாங் வட்டாரத்துச் செம்பனைக்குள் யானை வருவது புதிதன்று. நாய் யானையைக் கண்டால் சும்மா இராது, ஓடிப்போய்க் குரைக்கும். யானை திரும்பித் துரத்தினால் நாய் எங்கே ஓடிவரும்? தன் எஜமானிடம்தான். யானையையும் பின்னால் அழைத்துக்கொண்டு வந்து சேரும். புதிய லத்தியோ தடமோ கண்ட நாட்களில் விடியற்காலைப் பெரட்டுக்கு நாயைக் கூட்டிப்போவதை விட்டுவிடுங்கள்.

பன்றி வேட்டை பற்றியும் சொல்ல வேண்டும். வாலிபர்கள் ஞாயிற்றுக்கிழமை நாய்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். காட்டுப்பன்றியை வேட்டையாட பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். கம்பிக் கண்ணி வைப்பது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பன்றிக்கு வைத்த கண்ணியில் புலியும் மாட்டுகிறது, உங்கள் நாயும் மாட்டுகிறது. ஆண் பன்றியின் தந்தம் நாயின் வயிற்றைக் கத்திபோல் கிழித்துவிடும். வளைத்துக் குரைத்துப் பன்றியை வேலிக்கு அப்பால் விரட்டும் நாய் போதும் நமக்கு.

அடுத்த வீடு

நம் அக்கம்பக்கத்தில் மலாய்க் குடும்பங்கள் இருக்கிறார்கள். நாயின் எச்சிலோ ஈர உடம்போ பட்டால் அவர்கள் ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால். இது அவர்கள் சமயக் கடமை, நம் நாயின்மேல் உள்ள வெறுப்பு அன்று. நம் பெரிய நாய் அன்போடு தாவி ஒருவர் மேல் காலை வைத்துவிட்டால் அவருக்கு எவ்வளவு சங்கடம் என்று எண்ணிப் பாருங்கள். விருந்தாளி வரும் நேரம் தெரிந்தால் முன்னதாகவே கட்டிவிடுங்கள். அவர்கள் வேலியோரம் மலம் கழிக்கவிடாதீர்கள். 'நாய் இருக்கிறது' என்று மலாயிலும் ஒரு பலகை எழுதித் தொங்கவிடுங்கள். இவ்வளவு செய்கிறவர் வீட்டு நாயைப் பற்றி யாரும் புகார் எழுதமாட்டார்கள்.

பெட்டை நாயின் கதை பெரும் கதை. ஆறேழு மாதத்துக்கொரு முறை பருவத்துக்கு வரும். சினையானால் 63 நாளில் எட்டுக் குட்டி. பெரிய ஜாதியென்றால் பத்தும் போடும். முதல் ஈற்றில் "ஆளுக்கொன்று கேட்டிருக்கிறார்கள்" என்போம். மூன்றாம் ஈற்றில் யாரும் கேட்கமாட்டார்கள். அப்போதுதான் அட்டைப் பெட்டியில் போட்டு மெர்சிங் சாலையோரம், சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால், கோயில் வாசலில் விட்டுவிட்டு வருகிறோம். பெட்டைக்கும் கடுவனுக்கும் கருத்தடை அறுவை செய்துவிட்டால் இந்தப் பாவம் இல்லை. காவல் குணம் போய்விடும் என்பது வீண் பயம். தெருவெல்லாம் அலைவது குறையும். வீட்டில் நிற்பது கூடும். செலவை இன்றே விசாரித்து, தீபாவளி போனசில் ஒரு பங்கை ஒதுக்கிவையுங்கள். மூன்று ஈற்றுக் குட்டிகளுக்குப் போடும் சோற்றைவிட மலிவுதான்.

கடைசியாக, யாரும் பேசாத ஒன்று. தோட்டத்தை விட்டுப் போகும் குடும்பங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன. பிள்ளைகள் ஜொகூர் பாருவில், சிங்கப்பூரில் வேலை; பெற்றோரும் பின்னால் போகிறார்கள். அடுக்குமாடி வீட்டில் பெரிய நாய்க்குப் பல ஊராட்சி மன்றங்கள் உரிமம் தருவதில்லை. லோரியில் கட்டில் ஏறுகிறது, அலமாரி ஏறுகிறது, சாமி படம் ஏறுகிறது. நாய் மட்டும் ஏறுவதில்லை. பூட்டிய வீட்டு வாசலில் அது காத்துக் கிடக்கும். இரண்டு வாரம் பக்கத்து வீட்டார் சோறு போடுவார்கள். பிறகு அது கூட்டத்தோடு சேர்ந்து கோழி பிடிக்கும், பிள்ளைகளை மிரட்டும், புகார் போகும், பிடிக்க ஆள் வருவார்கள். எங்கள் பள்ளிப் பாதையில் பிள்ளைகள் பயப்படும் நாய்கள் பெரும்பாலும் இப்படி ஆனவைதான். அவை தெருநாயாகப் பிறந்தவை அல்ல. பெயர் இருந்தவை. ஒரு நாள் அவற்றில் ஒன்றைப் பார்த்து நான் ஏதோ நினைவில் 'உட்கார்' என்றேன். உட்கார்ந்தது.

வீடு மாறப் போவது தெரிந்தால் மூன்று மாதத்துக்கு முன்பே அதற்கு இடம் தேடத் தொடங்குங்கள். காய்கறித் தோட்டக்காரர், கோழிப்பண்ணைக்காரர், தனி நிலம் வைத்திருப்பவர் ஆகியோருக்குப் பழகிய பெரிய நாய் தேவைப்படும். குட்டியைவிட அதற்கே மதிப்பு. வாங்குகிறவரை நாலைந்து முறை வீட்டுக்கு வரச்சொல்லி அவர் கையால் தீனி போடச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் அங்கே கட்டியே இருக்கட்டும். அவிழ்த்தால் பழைய லயத்துக்கு ஓடிவரும். ஊசி அட்டையையும், அது கேட்டுப் பழகிய நான்கு சொற்களையும் எழுதிக்கொடுங்கள். அது படுத்த சாக்கையும் சோற்றுத் தட்டையும் கழுவாமல் அப்படியே கூட அனுப்புங்கள். புது இடத்தில் அந்த வாடை இருந்தால் இரவில் ஊளையிடுவது குறையும்.